கணினியிற் கொள்கலன் அமைக்கும் முறை

(சங்க நூல்நிலையத்தில் நிகழ்ந்த மாதக் கூட்டத்தில், வாலிபர் பகுதியினர் சார்பில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



சென்ற மாதக் கூட்டம் முடிந்து யாவரும் தேநீர் அருந்திக்கொண்டிருந்த வேளையிலே, காரியதரிசி ஐயா அவர்கள் எம்மை அழைத்து, “தம்பிமாரே, நூல்நிலையக் கொம்பியூட்டருக்குள்ளே ஏதோ பெட்டி வைத்திருக்கிறீர்களாமே, அது என்ன பெட்டி? ஒரு நாளைக்கு எல்லாருக்கும் விளங்கச் சொல்லுங்கோ” என்று பணித்தார்கள். அப்பணியை நிறைவேற்றவே இன்று உங்கள் முன் நிற்கின்றோம்.

பெட்டி என்று அவர்கள் கூறியது மரப்பெட்டியுமன்று, இரும்புப்பெட்டியுமன்று. கணினியில் ஓடும் ஒரு நிரலை, அதற்கு வேண்டிய துணைப்பொருள்கள் அனைத்துடனும் ஒருங்கே கட்டி, வேறொன்றோடும் கலவாமல் ஓடவிடும் ஏற்பாடே அப்பெட்டியாகும். ஆங்கிலத்தில் இதனைக் கொண்டெயினர் என்பர். நாம் கொள்கலன் என்போம். கொள்கலன்களை ஆக்கி ஆளும் மென்பொருள்களுள் மிகப் பரவியது டொக்கர் என்பது. அதனை ஒரு சாதாரண கணினியில் அமைப்பது எவ்வாறு என்பதே நாம் எடுத்துக்கொண்ட விடயம். அமைக்கும் முறையைக் கூறுவதோடு, அமைத்தபின் எமது கவனக்குறைவால் இழந்த ஐந்து வாரத்து உழைப்பைப் பற்றியும் மறையாது கூறுவோம். முறையை எங்கேயும் கேட்டறியலாம். இழப்பை இழந்தவர்களே சொல்லுதல் வேண்டும்.

ஒருவர் கணினியில் ஓடியது

எமது நூல்நிலையத்தில் ஏறக்குறைய 2,000 நூல்கள் உள்ளன. அவற்றின் பட்டியலைக் கணினியிற் பதிவதற்கென்று நம் அங்கத்தவர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிரல் எழுதினார். நல்ல நிரல். நூலின் பெயரில் நான்கு எழுத்தைத் தட்டினால், அந்நூல் எந்த அலுமாரியில் எந்தத் தட்டில் இருக்கின்றது என்று காட்டும். அந்நிரல் அவருடைய மடிக்கணினியிலேயே ஓடிற்று. அவர் மேற்படிப்புக்காகப் பிறநாடு செல்லும்பொழுது நிரலின் கோப்புகளையெல்லாம் ஒரு பென்ட்றைவிற் போட்டு எம்மிடம் தந்து சென்றார்.

சங்கத்துக் கணினியில் அதனை ஏற்றினோம். ஓடவில்லை. அந்நிரல் பைதன் என்னும் மொழியின் 3.8 ஆம் பதிப்பை நம்பி எழுதப்பட்டது. சங்கத்துக் கணினியில் இருந்ததோ அதற்கு மிகப் பிந்திய பதிப்பு. ஒரு துணைநிரலைச் சேர்த்தால் மற்றொன்று முரண்பட்டது. அதனைத் திருத்தினால் வேறொன்று பழுதாயிற்று. எழுதியவரைத் தொலைபேசியிற் கேட்டால், “என் கணினியில் ஓடுகின்றதே!” என்றார். அவர் கூறியது பொய்யன்று. ஆனால், அவர் கணினியில் ஓடுவதால் நம் நூல்நிலையத்துக்கு யாது பயன்? மூன்று மாதங்கள் பட்டியல் திறக்கப்படாமலே கிடந்தது. நூல் கேட்டு வந்தவர்களுக்கு, நூல்நிலையப் பொறுப்பாளராகிய மாஸ்டர் அவர்கள் தம் நினைவிலிருந்தே இடம் காட்டினார்கள்.

குறை யாருடையது என்று நாம் பின்னர் ஆராய்ந்தோம். எழுதியவருடையதுமன்று, கணினியினுடையதுமன்று. எந்த நிரலும் தனித்து ஓடுவதில்லை. பல துணைநிரல்கள், குறித்த பதிப்புகள், குறித்த அமைப்புகள் ஆகியவற்றின்மேல் நின்றே அது ஓடுகின்றது. எழுதியவர் நிரலை எமக்குத் தந்தார்; அது நின்ற நிலத்தைத் தரவில்லை. தருவதற்கு ஒரு வழி உண்டு என்பதை அப்பொழுது அவரும் அறிந்திலர், நாமும் அறிந்திலோம்.

துறைமுகத்திற் பிறந்த எண்ணம்

கொள்கலன் என்னும் பெயர் துறைமுகத்திலிருந்து வந்தது. ஒரு காலத்திலே கப்பலில் ஏற்றும் சாமான்கள் மூடையாகவும், பீப்பாவாகவும், பெட்டியாகவும் தனித்தனியே ஏற்றி இறக்கப்பட்டன. ஒவ்வொன்றையும் தூக்கும் முறை வேறு. அடுக்கும் முறை வேறு. 1956 ஆம் ஆண்டு ஏப்ரல் 26 ஆம் நாள், மல்கம் மக்லீன் என்னும் அமெரிக்க லொறி முதலாளி ஒருவர், ஐடியல் எக்ஸ் என்ற கப்பலில் 58 பெரும் உலோகப் பெட்டிகளை ஏற்றி, நியூ ஜேர்சி மாநிலத்து நூவாக் துறையிலிருந்து டெக்சாஸ் மாநிலத்து ஹியூஸ்டனுக்கு அனுப்பினார். பின்னர் அப்பெட்டிகளின் அளவுகள் உலகம் முழுவதற்கும் பொதுவாக வரையறுக்கப்பட்டன. பெட்டிக்குள்ளே தேயிலை இருந்தாலென்ன, தையல் இயந்திரம் இருந்தாலென்ன, பாரந்தூக்கிக்கு வேறுபாடில்லை. அதே பெட்டி கப்பலிலும் ஏறும், புகைவண்டியிலும் ஏறும், லொறியிலும் ஏறும். கொழும்புத் துறைமுகத்தைக் கண்டோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

கணினியிலும் இதுவே வேண்டியிருந்தது. உள்ளே எந்த நிரல் இருப்பினும், வெளியே ஒரே வகையாகத் தூக்கவும் இறக்கவும் கூடிய பெட்டி ஒன்று வேண்டும். இதன் மூலங்கள் பழையன. யுனிக்ஸ் இயங்குதளத்தில் 1979 ஆம் ஆண்டளவிலேயே, ஒரு நிரல் குறித்த கோப்புறையைத் தவிர வேறெதையும் காணாதவாறு அடைக்கும் ஏற்பாடு தோன்றிவிட்டது. 2000 ஆம் ஆண்டில் ஃபிறீ-பி.எஸ்.டி. என்னும் தளம் அதனை மேலும் வலுப்படுத்திற்று. 2006 ஆம் ஆண்டில் கூகிள் நிறுவனப் பொறியியலாளர் சிலர் தொடங்கிய வேலையின் பயனாக, 2008 ஆம் ஆண்டில், ஒவ்வொரு நிரற்கூட்டமும் எவ்வளவு நினைவகம், எவ்வளவு வேகம் கொள்ளலாம் என்று வரையறுக்கும் வசதி லினக்ஸிற் சேர்ந்தது. 2013 ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே, சொலமன் ஹைக்ஸ் என்பவர் கலிபோர்னியாவிலுள்ள சான்ரா கிளாராவில் நிகழ்ந்த பைதன் மாநாட்டில், ஒரு சில நிமிடப் பேச்சிலே டொக்கரை உலகுக்கு எடுத்துக் காட்டினார். இருந்த கருவிகளை யாவரும் கையாளத்தக்க எளிய கட்டளைகளாக்கித் தந்ததே அதன் சிறப்பு. 2015 ஆம் ஆண்டில், கொள்கலன்களுக்கும் பொது அளவு வகுக்கவென்று நிறுவனங்கள் பல ஒன்றுகூடின.

கிணறும் அறைகளும்

“இதற்கு முன்பும் ஒரு கணினிக்குள்ளே இன்னொரு கணினியை ஓட்டினார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?” என்று வாலிபர் சிலர் கேட்கலாம். ஒன்றல்ல. மெய்நிகர் இயந்திரம் எனப்படும் அந்த முறையை ஐ.பி.எம். நிறுவனம் பெருங்கணினிகளில் 1960 களிலேயே கையாண்டது. இரண்டுக்குமுள்ள வேறுபாட்டை ஓர் உவமையாற் காட்டுவோம்.

ஒரு வளவிலே நான்கு குடும்பங்கள் குடியிருக்க வேண்டும் என்க. நான்கு தனி வீடுகள் கட்டி, வீட்டுக்கு ஒவ்வொரு கிணறு வெட்டுவது ஒரு முறை. அது மெய்நிகர் இயந்திரம். ஒவ்வொன்றுக்கும் முழு இயங்குதளம் வேண்டும், செலவு மிகும், ஆனால் பிரிவு உறுதியானது. ஒரே வீட்டில் நான்கு அறைகள் அமைத்து, அறைக்கு ஒவ்வொரு கதவும் பூட்டும் இட்டு, கிணற்றை மாத்திரம் பொதுவாக வைத்துக்கொள்வது மற்றொரு முறை. அது கொள்கலன். அக் கிணறே கேர்னல் எனப்படும் இயங்குதளத்தின் கரு. ஓரறையில் உள்ளவர் மற்றை அறையைக் காணார். கிணற்றில் எவர் எவ்வளவு நீர் அள்ளலாம் என்பதற்கும் அளவு உண்டு. செலவு குறைவு, சில கணங்களில் அறை திறக்கப்படும். ஆயினும் கிணறு பொதுவாதலால், அதில் நஞ்சு கலந்தால் எல்லாருக்கும் கேடு என்பதையும் மறத்தலாகாது.

இனி, டொக்கர் கொள்கலன்களிற் பெரும்பாலானவை லினக்ஸ் கிணற்றையே வேண்டுவன. நம் கணினிகளில் இருப்பதோ விண்டோஸ். அதற்காக விண்டோஸைக் களையவேண்டியதில்லை. விண்டோஸின் பக்கத்திலேயே சிறியதொரு லினக்ஸ் கிணறு வெட்டித்தரும் ஏற்பாட்டை மைக்றோசொவ்ற் நிறுவனம் வைத்துள்ளது. டபிள்யூ.எஸ்.எல். என்பது அதன் பெயர். இன்று பயன்படும் இரண்டாம் வடிவம் 2020 ஆம் ஆண்டில் யாவர்க்கும் கிடைத்தது.

அமைக்கும் முறை

இப்பொழுது முறைக்கு வருவோம். கட்டளைகள் யாவும் கணினியில் ஆங்கில எழுத்திலேயே தட்டப்படுவன. ஈண்டு அவற்றின் ஒலிப்பை மாத்திரம் கூறுகின்றோம்.

முதலாவது, கணினியைச் சோதித்தல். 64 பிட் கணினியும், விண்டோஸ் 11 உம், 8 கிகாபைட் நினைவகமும் இருப்பது நலம். விண்டோஸ் 10 வைத்திருப்போர், அதற்குரிய பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டதை மனத்திற்கொள்க. பின்பு கொன்றோல், ஷிப்ற், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் டாஸ்க் மனேஜர் திறக்கும். அதிற் பெர்ஃபோமன்ஸ் என்னும் பகுதியில் சி.பி.யூ. என்பதைத் தொட்டால், கீழே வேச்சுவலைசேஷன் என்னும் சொல்லும், அதன் எதிரே ஒரு சொல்லும் காணப்படும். எனேபிள்ட் என்றிருந்தால் நன்று. டிசேபிள்ட் என்றிருந்தால், மேற்கொண்டு எது செய்தும் பயனில்லை. கணினியை நிறுத்தி, மீண்டும் தொடங்கும் கணத்திலே எஃப்-2, எஃப்-10, டிலீற் ஆகியவற்றுள் அக்கணினிக்குரிய விசையை அழுத்தி, பயோஸ் எனப்படும் அடிப்படை அமைப்புக்குட் சென்று, அவ்வசதியைத் திறந்துவிட வேண்டும். இன்டெல் கணினியாயின் வேச்சுவலைசேஷன் ரெக்னோலொஜி என்றும், ஏ.எம்.டி. கணினியாயின் எஸ்.வி.எம். என்றும் எழுதப்பட்டிருக்கும். நாம் இதனை அறியாமல் முழுதாக இரண்டு மாலைப்பொழுதுகளை வீணாக்கினோம்.

இரண்டாவது, லினக்ஸ் கிணற்றை வெட்டுதல். பவர்ஷெல் என்னும் கட்டளைச் சாளரத்தை நிருவாகி உரிமையோடு திறந்து, டபிள்யூ-எஸ்-எல் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, இரு சிறுகோடுகள் இட்டு, அவற்றோடு ஒட்டி இன்ஸ்ரோல் என்று தட்டி என்டர் விசையை அழுத்துக. உபுண்டு என்னும் லினக்ஸ் வகை தானே வந்திறங்கும். கணினியை நிறுத்தித் தொடங்கியபின் ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். கடவுச்சொல்லைத் தட்டும்பொழுது திரையில் ஒன்றும் தோன்றாது, புள்ளிகூடத் தோன்றாது. விசைப்பலகை பழுதென்று அஞ்சவேண்டாம். அதன் வழக்கம் அது.

மூன்றாவது, டொக்கர் டெஸ்க்ரொப்பை நிறுவுதல். இதனை டொக்கர் நிறுவனத்தின் சொந்த இணையத்தளத்திலிருந்தே பெறுதல் வேண்டும். வேறிடத்திற் கிடைப்பதை நம்பலாகாது. நிறுவும்பொழுது டபிள்யூ.எஸ்.எல். முறையைப் பயன்படுத்தவா என்று கேட்கும், ஆம் என்க. முடிந்தபின், பெட்டிகளைச் சுமந்த திமிங்கிலம் ஒன்றின் சிறு உருவம் திரையின் கீழ்மூலையில் தோன்றும். தனியார் பயனுக்கும், கல்விக்கும், சிறு நிறுவனங்களுக்கும் இதற்குக் கட்டணமில்லை. 2021 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட விதிப்படி, 250 ஊழியரோ 1 கோடி அமெரிக்க டொலர் ஆண்டு வருமானமோ உடைய நிறுவனங்களும், அவற்றிற் பெரியனவும் கட்டணம் செலுத்த வேண்டும். கந்தோரில் உத்தியோகம் பார்ப்போர், அங்குள்ள கணினியில் இதனை நிறுவுமுன் மேலதிகாரியிடம் கேட்டுக்கொள்க. பொட்மன் என்னும் கட்டணமற்ற மென்பொருளும் இவ்வேலையையே செய்யும்.

நான்காவது, சோதனை. டொக்கர் றன் ஹலோ-வேர்ல்ட் என்று தட்டுக. அப் பெயருடைய படிமம் இக் கணினியில் இல்லை என்று முதலில் ஒரு வரி வரும். அது பிழையன்று. டொக்கர் உடனே பொதுக் களஞ்சியத்திலிருந்து அதனைத் தானே கொணர்ந்து ஓட்டும். அதன்பின் வாழ்த்து ஒன்று ஆங்கிலத்திலே திரையில் வரும். வந்தால், அமைப்பு முடிந்தது என்க.

ஐந்தாவது, நினைவகத்துக்கு அளவிடுதல். வெட்டிய கிணறு, கட்டுப்பாடில்லாவிடிற் கணினியின் நினைவகத்திற் பாதிவரை எடுத்துக்கொள்ளும். 8 கிகாபைட் கணினியில் இது பெருஞ்சுமை. பயனரின் கோப்புறையிலே, புள்ளியில் தொடங்கி டபிள்யூ-எஸ்-எல்-கொன்ஃபிக் என்னும் பெயருடைய சிறு கோப்பொன்றை ஆக்கி, முதல் வரியில் சதுர அடைப்புக்குள் டபிள்யூ-எஸ்-எல்-2 என்றும், அடுத்த வரியில் மெமரி சமன் 3 ஜி.பி. என்றும் எழுதிவைத்தால், அவ்வளவில் அடங்கும்.

படிமமும் குறிப்பேடும்

மேலே படிமம் என்றோம். கொள்கலனுக்கு அச்சு போன்றது படிமம். அப்பம் வேறு, அப்பச்சட்டி வேறு அன்றோ? ஒரு சட்டியிலிருந்து எத்தனை அப்பமும் சுடலாம். அவ்வாறே ஒரு படிமத்திலிருந்து எத்தனை கொள்கலனும் எடுக்கலாம்; ஒன்றை எறிந்துவிட்டு வேறொன்றும் எடுக்கலாம்.

படிமம் எங்ஙனம் ஆகின்றது? டொக்கர்ஃபைல் என்னும் ஒரு கோப்பிலே வரிவரியாக எழுதிவைக்கின்றோம். பைதன் 3.8 இலிருந்து தொடங்கு. இன்ன கோப்புகளை உள்ளே வை. இன்ன துணைநிரல்களை இன்ன பதிப்பிற் சேர். ஈற்றில் இக்கட்டளையை ஓட்டு. எமது நூற்பட்டியலுக்கு இது பதினொரு வரியிலே முடிந்தது. டொக்கர் பில்ட் என்று தட்டியதும், அவ்வரிகளைப் படித்து டொக்கர் தானே படிமத்தை ஆக்கிற்று. மூன்று மாதம் ஓடாதிருந்த நிரல் அன்று மாலையே ஓடிற்று. பிறநாட்டிலிருக்கும் நண்பரின் கணினியில் இருந்த நிலம், பதினொரு வரியாக நம் கைக்கு வந்தது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. பதிப்பைக் குறிக்காமல் லேற்றெஸ்ட் என்று எழுதிவிட்டால், அடுத்த ஆண்டு அதே வரி வேறொரு பதிப்பைக் கொணரும். பழைய தொல்லை மீளும். ஆகவே எண்ணைக் குறித்தே எழுதுக. இன்னும், படிமங்களிற் சில ஏறக்குறைய ஒரு கிகாபைட் வரை பருத்தவை; ஸ்லிம் என்று குறிக்கப்பட்டவை மிகச் சிறியவை. டேற்றாவுக்குப் பணம் கொடுப்போர் சிறியதையே எடுக்க. ஒரு வீட்டிற் பெற்றதை டொக்கர் சேவ் என்னும் கட்டளையாற் கோப்பாக்கிப் பென்ட்றைவிற் கொண்டுபோய், மற்றொரு வீட்டில் டொக்கர் லோட் என்னும் கட்டளையால் ஏற்றிக்கொள்ளலாம். இரண்டாமுறை டேற்றாச் செலவில்லை.

நாம் இழந்தது

நிற்க. இனி எமது குறையைக் கூறுவோம்.

பட்டியல் ஓடத் தொடங்கியதும் எமக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. பழைய பதிவுகள் பிழை மலிந்திருந்தமையால், புதிதாகவே பதிவதென்று தீர்மானித்தோம். மாஸ்டர் அவர்கள், எழுபத்தாறு வயதிலும், நாடோறும் மாலை ஆறு மணிக்கு வந்து ஒவ்வொரு நூலாகக் கையிலெடுத்துப் பெயர், ஆசிரியர், பதிப்பித்த ஆண்டு எனச் சொல்ல, நம்மில் இருவர் தட்டெழுதினர். ஐந்து வாரங்களில் 640 நூல்கள் பதிவாயின.

அவ்வேளையில், பைதன் 3.8 க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 ஒக்டோபருடன் நின்றுவிட்டன என்பதை அறிந்தோம். நிரலைச் சிறிது திருத்தி, புதிய பதிப்பிற்கு மாற்றி, புதிய படிமம் ஆக்கினோம். பழைய கொள்கலனை நிறுத்தினோம், டொக்கர் ஆர்-எம் என்னும் கட்டளையால் நீக்கினோம், புதியதை ஓட்டினோம். திரை அழகாகத் திறந்தது. பட்டியலில் ஒரு நூலும் இல்லை.

நடந்தது இதுதான். பதிவுகள் யாவும் எஸ்.கியூ.லைற் என்னும் ஒரே கோப்பில் இருந்தன. அக்கோப்பு கொள்கலனுக்குள்ளேயே இருந்தது. கொள்கலனுக்குள் எழுதப்படுவது, அக்கொள்கலன் உள்ளவரையுமே இருக்கும். நாடோறும் கணினியை நிறுத்தினோம், தொடங்கினோம், பதிவுகள் அழியவில்லை. ஏனெனில், நிறுத்துவது வேறு, நீக்குவது வேறு. நிறுத்திய கொள்கலன் தன் பொருளோடு உறங்கும். நீக்கிய கொள்கலன் பொருளோடு அழியும். ஐந்து வாரம் அழியாதிருந்ததே எம்மை ஏமாற்றிற்று. இதிற் டொக்கரின் குறை ஒன்றுமில்லை. கொள்கலன் எறிவதற்கென்றே ஆக்கப்பட்டது. எறிவதற்குரியதில் வைப்பதற்குரியதை வைத்தவர்கள் நாமே.

மறுநாள் மாஸ்டரின் வீட்டுக்குச் சென்றோம். எவ்வாறு சொல்வதென்று தெரியாமற் படலையடியிற் சற்று நேரம் நின்றோம். கேட்டு முடித்த அவர்கள் கோபிக்கவில்லை. உள்ளே சென்று ஒரு கொப்பியைக் கொணர்ந்தார்கள். நாம் தட்டெழுதிய ஒவ்வொரு நூலையும், அவர்கள் அன்றன்றே, தொடரிலக்கத்தோடு, தம் கையால் அக்கொப்பியில் எழுதிவைத்திருந்தார்கள். “தம்பி, பெட்டி உடைஞ்சால் உடையட்டும். கொப்பி என்னட்டை இருக்கு. நாளைக்கு ஆறு மணிக்கு வாருங்கோ” என்றார்கள்.

அக்கொப்பியைப் பார்த்து 640 நூல்களையும் மீளப் பதிய எமக்குப் பதினொரு மாலைகள் சென்றன. கொள்கலன் நூல்களில் மிகவும் வற்புறுத்திக் கூறப்படும் விதியை, டொக்கர் என்னும் பெயரையே கேட்டறியாத ஒருவர் எமக்கு முன்பே கைக்கொண்டிருந்தார்.

வெளியே வைக்கும் முறை

அவ்விதியைக் கணினியிற் செய்யும் வழி வொலியூம் என்பது. டொக்கர் வொலியூம் கிறியேற் என்னும் கட்டளையால், கொள்கலனுக்கு வெளியே ஒரு பெட்டகம் ஆக்குகின்றோம். கொள்கலனை ஓட்டும்பொழுது, உள்ளே தரவு எழுதப்படும் கோப்புறைக்கு அப்பெட்டகத்தைப் பொருத்திவிடுகின்றோம். இனிக் கொள்கலனை நூறு முறை நீக்கினாலும், புதியது வந்து அதே பெட்டகத்தைத் திறக்கும். விண்டோஸ் பக்கத்துக் கோப்புறை ஒன்றையும் நேரே பொருத்தலாம். ஆயினும் வேகம் குன்றும். தரவுக் கோப்புகளுக்கு வொலியூமே ஏற்றது.

எனினும் வொலியூம் ஒன்றே போதும் என்று எண்ணுவது இரண்டாவது அறியாமை. அப்பெட்டகமும் டொக்கரின் ஆட்சியிலேயே உள்ளது. டொக்கர் டெஸ்க்ரொப்பை அகற்றினால் அதுவும் அகலும். வன்தட்டுப் பழுதானால் அதுவும் பழுதாகும். ஆகவே சனிக்கிழமைதோறும் கொள்கலனை நிறுத்தி, டொக்கர் சீ-பி என்னும் கட்டளையாற் தரவுக் கோப்பை வெளியே பிரதிசெய்து, ஒரு பென்ட்றைவிலும் தனாதிகாரி ஐயா வீட்டிலுள்ள கணினியிலும் வைக்கின்றோம். ஓடிக்கொண்டிருக்கும்பொழுது பிரதிசெய்தாற் கோப்பு அரைகுறையாகலாம், அதனாலேயே நிறுத்துகின்றோம். மாஸ்டரின் கொப்பியும் தொடர்ந்து எழுதப்படுகின்றது. அதனை நிறுத்தும்படி இனி எவரும் அவர்களைக் கேட்கமாட்டோம்.

பாதுகாப்பைப் பற்றியும் மூன்று சொல் கூறுவோம். ஆக்கியோர் யார் என்று அறியாத படிமத்தை ஓட்டாதீர்கள்; கிணறு பொது என்பதை நினைக. கடவுச்சொல்லைப் படிமத்துக்குள் எழுதாதீர்கள். படிமத்தைப் பெறுவோர் அதனையும் பெறுவர். நிரலுக்கு வாயில் திறக்கும்பொழுது, 127.0.0.1 என்னும் முகவரியோடு சேர்த்தே திறவுங்கள். அவ்வாறு செய்தால் அக் கணினியில் இருப்போர் மாத்திரமே காண்பர். எண்ணை மாத்திரம் எழுதிவிட்டால், அயலிலுள்ள கணினிகளுக்கும் அது திறந்திருக்கக்கூடும்.

கையளித்தல்

பெரியோர்களே, இவ்வளவும் ஒரு நூற்பட்டியலுக்காகவா என்று நீங்கள் எண்ணலாம். நூற்பட்டியலுக்காக மாத்திரமன்று. நம் சங்கத்து வாலிபர் இங்கே நிலையாக இருப்பவர்களல்லர். சோதனை எழுதுவர், பல்கலைக்கழகம் செல்வர், உத்தியோகத்துக்காகக் கொழும்புக்கோ பிறநாட்டுக்கோ போவர். ஒருவர் செய்த வேலை அவரோடு போய்விடுமாயின், ஒவ்வொரு சபையும் தொடக்கத்திலிருந்தே தொடங்க வேண்டும். சென்ற ஆண்டுகளில் அவ்வாறு நாம் இழந்தவை பல.

ஆதலால் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தியுள்ளோம். ஆண்டுக்கொரு முறை, நூல்நிலையக் கணினியை நிறுத்திவிட்டு, இவ்வேலையில் முன்பு கைவையாத இருவரிடம் இரண்டு தாள் குறிப்பும் ஒரு பென்ட்றைவும் மாத்திரம் கொடுக்கின்றோம். அவர்கள் வேறொரு கணினியில், எவரையும் கேளாமல், பட்டியலைத் திறந்து காட்ட வேண்டும். இம்முறை சாதாரண தர வகுப்பு மாணவர் இருவர் ஒரு மணி பத்து நிமிடத்திற் திறந்தனர். அதில் அரைமணிக்கு மேல், பயோஸ் வசதியைத் திறக்கும் வரி எமது குறிப்பில் இல்லாமையாற் சென்றது. குற்றம் மாணவருடையதன்று, குறிப்பினுடையது. அன்றே அவ்வரியைச் சேர்த்தோம். எழுதியவர்களே படித்துப் பார்த்திருந்தால் அக்குறை வெளிப்பட்டிருக்காது. எமக்குத்தான் அது முன்பே தெரியுமே!

இப்பொழுது உங்களிடம் இரண்டு வேண்டுதல்கள் உண்டு. வாலிப அன்பர்களே, பதியவேண்டிய நூல்கள் இன்னும் ஆயிரத்துக்கு மேல் உள்ளன; சனிக்கிழமைப் பிரதி வேலைக்கும் ஆள் வேண்டும். கணினி வல்லவராயிருக்க வேண்டியதில்லை. குறிப்பைப் படித்து அதன்படி செய்யும் பொறுமை இருந்தாற் போதும். பெரியோர்களே, அடுத்த சோதனை நாளில் உங்களில் ஒருவர் வந்து எமக்கருகே கதிரையில் இருந்து, “இது கெட்டால் என்ன செய்வீர்கள்?” என்று ஒவ்வொரு படியிலும் கேட்க வேண்டும். கணினி அறிவில்லையே என்று தயங்கவேண்டாம். எம்மைக் காத்தது கணினி அறிவன்று, ஒரு கொப்பி.

கூட்டம் முடிந்தபின் மேசையிலே கணினியைத் திறந்து வைத்திருப்போம். விரும்புவோர் வந்து, தம் கையாலேயே அந்த முதற் கட்டளையைத் தட்டிப் பார்க்கும்படி அழைக்கின்றோம்.